காந்தப் பாடத்தோடு ஒரு கம்பிச் சுருளும்: யாழ். மாவட்ட உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

என் மகள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டில் கூடங்குளம் பற்றிப் பேச்சு வந்தபோது, "அணு உலைக் குழாய்க்குள்ள கதிர்வீச்சு எப்படியப்பா வருது?" என்று கேட்டாள். அந்தப் பதில் உங்கள் காந்தப் பாடத்தோடு சேர வேண்டியது என்று நினைக்கிறேன்.

அழுத்த நீர் உலையில் தண்ணீர் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸில், கொதிக்காமல் சுற்றுகிறது. குழாய்ச் சுவரை அது மெல்ல மெல்ல அரிக்கும். உதிர்ந்த துகளும் கரைந்த உலோகமும் உலையின் நடுப்பகுதிக்குப் போய் நியூத்திரனிடம் அகப்படும். அந்த உலோகத்தில் இருக்கும் சாதாரண கோபால்ட்-59, கதிர்வீசும் கோபால்ட்-60 ஆகிவிடும். அரைவாழ்வுக்காலம் 5.27 வருடம். அது குழாய் வளைவிலும் வால்விலும் படிந்துவிட்டால், உலையை நிறுத்தித் திருத்த வேலை செய்யப் போகும் தொழிலாளியின் உடம்புதான் அந்தக் கதிர்வீச்சை வாங்கும்.

நல்ல காலம், அந்தத் துகள்களில் மக்னடைட், நிக்கல் ஃபெரைட் போன்ற இரும்பு ஒட்சைட்டுகளைக் காந்தம் இழுக்கும். மக்னடைட் காந்தத்தன்மையை இழக்க 580 பாகைக்குக் கிட்ட வேண்டும். ஆகவே சுடுதண்ணீரிலேயே பிடிக்கலாம். தண்ணீரில் கரைந்ததைப் பிடிக்கும் அயன் பரிமாற்றப் பிசின் அந்தச் சூட்டைத் தாங்காது, அதற்குத் தண்ணீரை ஆற்றித்தான் அனுப்ப வேண்டும்.

பிள்ளைகள் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. புலம் எவ்வளவு வலிமையானாலும், சீரான புலம் துகளை எந்தப் பக்கமும் இழுக்காது. புலம் இடத்துக்கு இடம் மாற வேண்டும். அதனால்தான் இந்தத் துகள்களைக் காந்தத்தால் பிடிக்கும் வடியில் (காந்த வடியில்) மெல்லிய இரும்புக் கம்பிகளையோ சிறு குண்டுகளையோ நிரப்புகிறார்கள். ஒவ்வொரு கம்பியின் ஓரத்திலும் புலம் சடாரென்று மாறும், துகள் அங்கே ஒட்டும். மின்காந்தத்தை நிறுத்திக் கழுவினால் துகள் கழன்றுவிடும். புல்மோட்டை மணலில் இல்மனைற்று என்ற கனிமத்தைப் பிரிப்பதும் காந்த விசைதானே.

தயவுசெய்து இதை வகுப்பில் செய்து காட்டுங்கள். ஒரு கண்ணாடிக் குழாய், காந்தம் ஒட்டும் சட்டி தேய்க்கிற கம்பிச் சுருள், வெளியே இரண்டு வலிய காந்தம், மெல்லிய இரும்புத்தூள் கலக்கிய தண்ணீர், இவ்வளவும் போதும். முதலில் சுருள் இல்லாமல் ஊற்றுங்கள், அப்புறம் சுருளோடு.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்: கரைந்துபோன கோபால்ட்டை இந்த வடி பிடிக்காது, அதற்குப் பிசின்தான் வேண்டும். பிடிபட்ட துகளும் கதிர்வீச்சுக் கழிவுதான், பாதுகாத்து வைக்க வேண்டும்.

பரிசோதனைக்கு வேண்டிய காந்தமும் சுருளும் நான் வாங்கித் தருகிறேன். எந்தப் பாடசாலை முதலில் கேட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தகப்பன், யாழ்ப்பாணம்