சம்பளப் பட்டியலையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். தொண்டு நிறுவனத்தில் பண முறைகேடு என்றால் எல்லோரும் கணக்குப் பிரிவைத்தான் குடைகிறார்கள், மனிதவளப் பிரிவை யாரும் கேட்பதில்லை. பல வருடமாக மனிதவளப் பிரிவு வேலையில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன், ஓட்டை பல நேரம் எங்கள் மேசையில்தான் தொடங்குகிறது. முன்பு நான் இருந்த ஓர் அமைப்பில், வேலையை விட்டுப் போய் 4 மாதமான களப்பணியாளர் பெயரில் சம்பளம் போய்க்கொண்டே இருந்தது; வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை, வங்கிக் கணக்கு எண் மட்டும் இன்னொரு ஊழியருடைய எண்ணாக இருந்தது, அப்படித்தான் பிடிபட்டது.

ஆளைச் சேர்ப்பவரே சம்பளப் பட்டியல் போட்டு ஒப்புதலும் தரக்கூடாது. சின்ன அமைப்பில் ஆள் பற்றாக்குறை, சரி, நிர்வாகக் குழுவில் ஒருவராவது மாதா மாதம் பட்டியலைப் பார்க்கட்டும். பணத்தைக் கையாள்பவர் வருடத்தில் இரண்டு வாரமாவது தொடர்ந்து விடுப்பில் போகட்டும், அந்த நாட்களில் வேறொருவர் அதே வேலையைச் செய்தாலே நிறைய வெளியே வரும்.

அப்புறம், இந்தத் துறைக்கு வரும் இளைஞர்கள் நேர்காணல் நடத்தக் கற்பதோடு பட்ஜெட்டையும் நன்கொடை ஒப்பந்தத்தையும் படிக்கப் பழகுங்கள். ஒரே ஊழியரின் முழுச் சம்பளத்தை இரண்டு நன்கொடையாளர் கணக்கிலும் எழுதச் சொன்னால், அது தவறு என்று அந்த இடத்திலேயே சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

- ஒரு வாசகி