இதயநோய் மருத்துவர்களே, அடுப்பைப் பற்றியும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய இதயநோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம். மாரடைப்பு வந்து உங்கள் முன் உட்காருபவர்களிடம் முதலில் சாப்பாட்டைத்தான் விசாரிக்கிறீர்கள். "அந்தக் காலத்தில் இந்த நோயெல்லாம் ஏது?" என்ற பேச்சும் கூடவே வருகிறது. அந்தப் பேச்சு தவறு என்பதற்கு மம்மிகளே சாட்சி.

எகிப்து, பெரு, தென்மேற்கு அமெரிக்கா, அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகள் ஆகிய நான்கு இடங்களைச் சேர்ந்த 137 மம்மிகளை சி.டி. ஸ்கேன் செய்த ஆய்வு 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. சதை காய்ந்து சுருங்கினாலும், இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாயான தமனியின் சுவரில் படிந்த சுண்ணாம்புச் சத்து அழியாது. ஸ்கேனில் எலும்பைப் போல வெள்ளையாகத் தெரியும். 47 உடல்களில், மாரடைப்புக்கு வழிவகுக்கும் தமனித் தடிப்பு உறுதியாகவோ, இருந்திருக்கக்கூடும் என்ற அளவிலோ தென்பட்டது. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் நாற்பதுகளில் இறந்த எகிப்திய இளவரசி ஒருவரின் இதயத் தமனிகளிலேயே படிவு இருந்தது.

அரண்மனைச் சாப்பாடு என்று அவரைத் தள்ளிவிடலாம். அலூசியன் தீவுகளின் உனங்கன் மக்கள் கடலில் வேட்டையாடிப் பிழைத்தவர்கள். ஆய்வுக்குக் கிடைத்த ஐவரில் மூவருக்கு இந்த நோய். பாதி மண்ணுக்குள் அமைந்த வீடுகளில், கடல் விலங்குகளின் கொழுப்பை எரித்த விளக்குப் புகைக்குள் வாழ்ந்தவர்கள் அவர்கள். புகையும், ஓயாத தொற்றுகளால் வரும் அழற்சியும் காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய மனிதரின் தமனிகளிலும் படிவு உண்டு. நுரையீரலோ புகைக்கரியால் கறுத்திருந்தது.

என் பெரியம்மா சுத்த சைவம். அவருக்கு மாரடைப்பு வந்தபோது எண்ணெய், உப்பு, நடை எல்லாவற்றையும் விசாரித்தார்கள். புகைபிடிப்பீர்களா என்றும் கேட்டார்கள், இல்லை என்றார். கூரை தாழ்ந்த சமையற்கட்டில், ஈரம் காயாத கருவேல விறகை ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்த காலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

உணவும் உழைப்பும் பொருட்டல்ல என்று நான் சொல்லவில்லை. பொலிவியாவில் வேட்டையாடியும் பயிர்செய்தும் வாழும் சிமானே மக்கள் 705 பேரை ஆராய்ந்ததில், 85 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் சுண்ணாம்புப் படிவே இல்லை. ஆனால் தட்டை மட்டும் பார்த்து நோயாளியைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

உங்கள் விசாரணைப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: வீட்டில் எதை எரித்துச் சமைத்தீர்கள், எத்தனை ஆண்டுகள், புகை வெளியேற வழி இருந்ததா? புகையிலையையே தொடாத பெண்களிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு நோயாளியின் வீட்டார்