எதிர்வீட்டுச் சாப்பாட்டு மேசை நமக்கெதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூர் ஈசூனில் 29 ஆண்டுகள் குடியிருந்துவிட்டு அடுத்த மாதம் தெங்காவில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போகிறோம். சாவி வாங்கிய வாரமே மகன் கண்காணிப்புக் கேமரா பேச்சை எடுத்துவிட்டான். வாசலில் வைத்துவிட்டுப் போகும் பொட்டலங்கள், பகலில் தனியாக இருக்கும் 84 வயது அம்மா, இந்த இரண்டுக்காகவும் கேமரா வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு.

கேமரா விற்பவர் வந்தார். வீட்டு வரைபடத்தில் பேனாவால் ஆறு வட்டம் போட்டார். வாசல், கூடம், சமையலறை, அப்புறம் மூன்று படுக்கையறைகள். ஆறாக வாங்கினால் விலை குறையுமாம். வாசல் கதவைத் திறந்து வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாதான் முதலில் வாய் திறந்தார்: “ஏண்டா, நான் புடவை மாத்துறத யாரு பாக்கணுமாம்?” படுக்கையறை வட்டங்கள் மூன்றும் அத்தோடு போயின. பணிப்பெண் வைத்திருப்பவர்கள் கேமரா இருப்பதை அவரிடம் சொல்ல வேண்டும், அவர் படுக்கிற, உடை மாற்றுகிற இடத்தில் வைக்கக்கூடாது என்று மனிதவள அமைச்சு சொல்கிறது. பெற்ற தாய்க்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

விற்பவர் போனதும் மாப் கம்பின் நுனியில் என் கைப்பேசியை டேப் போட்டு ஒட்டி, அவர் வட்டமிட்ட இடத்தில், வாசல் நிலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். படத்தில் எங்கள் வாசல் கால்வாசிதான். மீதியெல்லாம் எதிர்வீடு: திறந்திருந்த கதவு, கிரில்லுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசை, அதில் செய்தித்தாளை விரித்துத் தவுகே (முளைகட்டிய பயறு) வால் கிள்ளிக்கொண்டிருந்த சீன ஆன்ட்டி. மாப்பும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே படத்தைக் காட்டினேன். தன்னையும் தன் மேசையையும் அதில் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

நடைவழியைப் பார்க்கும் கேமராவுக்கு முன்பெல்லாம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2023 மே மாதத்திலிருந்து வீவக வீடுகளுக்கு அது தேவையில்லை. ஆனால் அண்டைவீட்டுக் கதவையும் சன்னலையும் நோக்கி வைக்கக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. எங்களிடம் வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக் கேமராக்களில் பரவலாக இருக்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 100 பாகை அகலத்துக்குப் பார்க்கும். கதவுக்கு நேர் மேலே வைத்தால் எதிர்வீடு தப்பவே தப்பாது.

மகன் ஒரே ஒரு கேமரா வாங்கி வந்தான். சுவரில் துளை போடாமல், இரட்டைப் பக்க டேப்பும் பவர் பேங்க்கும் வைத்து இரண்டு இரவு சோதித்தோம். பக்கச் சுவரில், நடைவழியின் நீளத்தைப் பார்க்கும்படி வைத்து, படத்தையும் நெட்டுவாக்கில் திருப்பியதும் பகலில் அருமையாக இருந்தது. இரவில் கெட்டது. கேமராவின் அகச்சிவப்பு ஒளி பக்கத்து வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி, படத்தில் பாதி வெளிறிப் போய், நடந்து வந்த மகனின் முகம் கறுப்பாகத் தெரிந்தது. சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, சற்றுக் கீழே இறக்கினோம், முகம் வந்துவிட்டது. ரொம்ப உயரத்தில் வைத்தால் தலை உச்சிதான் தெரியும் என்பதும் அன்றுதான் புரிந்தது.

விற்பவர் ஒரு மாதப் பதிவு நிற்கும் என்றாரே, அதற்கும் மகன் கணக்குப் போட்டான். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 21 கிகாபைட்டுக்கு மேல் ஆகிறது. அவர் தருவதாகச் சொன்ன 128 கிகாபைட் அட்டை ஆறு நாள்கூட முழுதாகத் தாங்காது. ஆள் நடமாடும்போது மட்டும் பதியச் சொன்னால் கூடுதலாக வரும், சரி. அதை அவரல்லவா சொல்லியிருக்க வேண்டும்? கடவுச்சொல்லை மாற்றச் சொல்லியும் அவர் வாய் திறக்கவில்லை. 2020ல் சிங்கப்பூர் வீடுகளின் கேமராப் படங்கள் ஆபாசத் தளங்களுக்குப் போனதை நாம் மறந்துவிட்டோமா?

எதிர்வீட்டுப் பக்கம் ஓர் ஓரம் இன்னும் தெரிந்தது. செயலியில் அந்த ஓரத்தைக் கறுப்பாக மறைத்தோம். ஆனால் நாங்கள் மறைத்திருப்பது ஆன்ட்டிக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குப் படுவது கேமராவின் முகம் மட்டும்தானே. அதனால் மறுபடி போய்த் திரையைக் காட்டினேன்.

சாவி கொடுக்கும்போது தரும் தாள்களோடு, வாசல் கேமராவை எப்படித் திருப்ப வேண்டும் என்று ஒரு படமும் வைத்தால் வீவகவுக்குப் பெரிய செலவாகாது. விற்பவர்களும் துளை போடுவதற்கு முன்னால், கேமராவுக்கு என்ன தெரிகிறது என்பதை இரண்டு வீட்டாருக்கும் காட்டிவிடலாம்.

எங்கள் படத்தில் இப்போது செருப்பு அலமாரியும் மின்தூக்கிக்குப் போகும் வழியும்தான் தெரிகின்றன. ஆன்ட்டி வீட்டிலும் கேமரா போடப் போகிறார்களாம். அது எங்கே பார்க்கும் என்று நானும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இப்படிக்கு,
தெங்காவுக்குப் போகும் ஈசூன் வாசகி