கராச்சிக்கு வராத ஆகாயக் கப்பல்

ஆசிரியருக்கு,

ஹைட்ரஜன் போன்ற லேசான வாயு நிரப்பிய பைகளால் மிதந்து பறக்கும் ஆகாயக் கப்பல் என்றாலே 1937-இல் எரிந்த ஹிண்டன்பர்க்கைத்தான் சொல்கிறார்கள். அதிலிருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்தனர். 1930 அக்டோபரில் கராச்சிக்குப் புறப்பட்ட பிரிட்டனின் ஆர்101, பிரான்ஸில் விழுந்து 48 பேரைப் பலிகொண்டதை யார் நினைக்கிறார்கள்?

எடை கூடிப்போனதால் கப்பலை நடுவில் வெட்டி, கூடுதலாக ஒரு ஹைட்ரஜன் பையைச் செருகினார்கள். மாட்டுக் குடல் சவ்வு ஒட்டிய பைகள் (ஆம், மாட்டுக் குடல்தான்!) உலோகச் சட்டத்தில் உரசி ஓட்டையாவது சோதனையிலேயே தெரிந்தது. மாற்றியமைத்த பின் முழு வேகத்தில் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபுவுக்கு அத்தனை அவசரம். அவரும் அதிலேயே மாண்டார்.

கராச்சியில் கட்டி வைத்த பிரம்மாண்டக் கொட்டகைக்குள் ஓர் ஆகாயக் கப்பலும் நுழைந்ததில்லை.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கரூர்