கிறீன்லாந்துத் தேவாலயமும் உங்கள் வீட்டுக் கலியாணப் பத்திரமும்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். இந்தத் தவணை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கிறீன்லாந்தின் ஹ்வால்சே தேவாலயத்தைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதப் போகிறார்கள். தமிழ்ப் பள்ளியில் இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். டெனிஷ் பள்ளியில் கிறீன்லாந்தைப் படிக்கிற பிள்ளைகளுக்கு அதையே தமிழில் சொல்ல வரவில்லை. அதோடு, இது ஒரு கலியாணக் கதை.

தீவின் தெற்கே, ககோர்டோக் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தப் பங்குத் தேவாலயம். நோர்ஸ் (பழைய ஸ்கண்டினேவிய) குடியேறிகள் 1300ஐ ஒட்டிக் கட்டியது. கூரை எப்போதோ போய்விட்டது. சிப்பி ஓடுகளை இடித்துச் சேர்த்த சாந்தில் கட்டிய, ஒன்றரை மீட்டர் தடிப்பான கற்சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

1406இல் நோர்வேயிலிருந்து ஐஸ்லாந்துக்குப் போன கப்பலொன்று திசைமாறி அங்கே ஒதுங்கியது. அதில் வந்த தோர்ஸ்டைன் ஓலாஃப்சன், 1408 செப்டெம்பரில் சிக்ரிட் பியோர்ன்ஸ்டொட்டிரை இந்தத் தேவாலயத்தில் மணமுடித்தார். முறைப்படி மூன்று ஞாயிறு ஓலை (தேவாலயத்தில் கலியாண அறிவிப்பு) வாசித்துத்தான். (இடையில் சூனியம் செய்தார் என்று ஒருவரை எரித்த சம்பவமும் உண்டு. வகுப்பில் அதை மேலோட்டமாகவே தொடுவோம்.) மறுவருடம் இரண்டு குருமார் கலியாணத்தை உறுதிப்படுத்திக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். தம்பதி பிறகு ஐஸ்லாந்தில் குடியமர்ந்தார்கள். அங்கேயும் அந்தக் கலியாணத்தைக் கண்ணால் கண்டவர்கள் 1414இலும் 1424இலும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஸ்பொன்சர் விசாவுக்காகக் கலியாணத்தை நிரூபிக்க அலைந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது!

நோர்ஸ் கிறீன்லாந்தைப் பற்றி எழுத்தில் கிடைத்த கடைசிச் செய்தி அந்தக் கலியாணம்தான். 1721இல் ஹான்ஸ் எகெடே பாதிரியார் நோர்ஸ் மக்களைத் தேடிப் போனபோது அங்கத்தைய பழங்குடிகளான இனூயிட் மக்களே இருந்தார்கள். நோர்ஸ் மக்கள் அங்கே இல்லாமல் போனதற்கு, குளிர் கூடியது, வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தங்களை விற்கும் வியாபாரம் படுத்தது, கப்பல் வரத்துக் குறைந்தது என்று காரணங்கள் பல. ‘மர்மமாக மறைந்தார்கள்’ என்று இணையத்தில் பார்த்து எழுதினால் புள்ளி குறையும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சரி, உங்களுக்கும் ஒரு வேலை. வீட்டில் உள்ள பழைய பத்திரம் ஒன்றை, கலியாணப் பதிவோ அழைப்பிதழோ, பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். அதில் யார் சாட்சி, எந்த ஊர் என்று அவர்களே கேட்டு எழுதட்டும். பத்திரம் ஒன்றும் இல்லாத வீடுகளில், கலியாணத்துக்கு வந்திருந்த ஒருவரைத் தொலைபேசியில் கேட்டு எழுதினாலும் போதும். மூலப் பிரதியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். அடையாள எண்களை மறைத்த நகல் போதும், அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைக்குள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்