ஊதியச் சட்டத் தொகுப்பும் பணிக்கொடையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு உள்ளிட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்பட வேண்டும் என்பதே இவற்றில் தலையாய மாற்றம். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிப் படிகளைப் பெருக்கி வந்த வழக்கத்தால், பணியிலிருந்து விலகும்போது, பணியாற்றிய ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் கிடைக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சுருங்கிப்போன தொழிலாளர்கள் ஏராளம். அவர்களுக்கு இது காலம் கடந்து வந்த நியாயம். கணக்கில் ஊதியம் உயர்ந்தால் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தமும் உயர்ந்து, கையில் வாங்கும் சம்பளம் குறைந்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். ஆனால், ஏற்கெனவே மாத ஊதியம் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பின்படி வருங்கால வைப்பு நிதி பிடித்தம் செய்யப்படுவோருக்கு அந்தப் பிடித்தம் உயர வேண்டிய கட்டாயமில்லை.

குறித்த கால ஒப்பந்தப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை, விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியப் பாக்கி என்பனவும் வரவேற்கத்தக்கவை. ஆயினும், ஓராண்டு நிறையும் முன்பே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள நிர்வாகங்கள் முனையக்கூடும் என்ற கவலை எனக்கு உண்டு. தொழிலாளர் துறை இதைக் கண்காணிப்பதுடன், அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் ஆகியவற்றை ஊதியச் சீட்டில் தமிழில் தனித்தனியே குறிப்பிடுமாறு நிறுவனங்களை அறிவுறுத்த வேண்டும்.

– வாசகர், திருப்பூர்