அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு ஒருவழியாகக் குடிபோய்விட்டீர்கள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கொல்லைப்பக்கம் தென்னை இருக்கிறதாமே, கொடுத்துவைத்தவள்.

அடுத்த டிசம்பரில் பிள்ளைகளோடு சிங்கப்பூர் வந்தால் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகலாமா, கூட்டத்தில் மாட்டிக்கொள்வோமா என்று கேட்டிருந்தாய். கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான் நாங்கள் போய்விட்டு வந்தோம்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். இங்கே பள்ளிகளுக்கு நவம்பர் நடுவிலிருந்து வருடம் முடியும்வரை விடுமுறை. பாலம் தாண்டி மலேசியாவிலிருந்து வரும் ஜொகூர்க்காரர்கள், நம் ஊரிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் என்று எல்லாரும் சேர்ந்துகொள்கிறார்கள். மோனோரயிலுக்கு நின்ற வரிசையைப் பார்த்ததும், விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து, பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குப் போகும் கடலோர நடைபாலத்தில் நடந்தே போய்விட்டோம். மாமாவும் சளைக்காமல் நடந்தார்.

டிசம்பர் இங்கே வடகிழக்குப் பருவமழை நேரம். இடி மின்னல் வந்தால் திறந்தவெளியில் ஓடும் ரோலர் கோஸ்டர்களை நிறுத்திவிடுவார்கள். அன்றும் அப்படித்தான். உடனே கூட்டம் மொத்தமும் கூரைக்குள் ஓடும் மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பக்கம் திரும்பிவிட்டது. அதனால் கால் தொங்கத் தொங்கப் போகும் சைலான் கோஸ்டரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். தனி ஆள் வரிசை இருக்கும் இடங்களில் அதில் நில்லுங்கள். மிச்சமாகும் ஒற்றை இருக்கைக்கு அனுப்புவார்கள். சேர்ந்து உட்கார முடியாதே தவிர, வரிசை வேகமாக நகரும். சின்னவளை வீட்டிலேயே உயரம் அளந்து பார்த்துவிடு. கொஞ்சம் குறைந்தாலும் ஏற்ற மாட்டார்கள், பிள்ளை அழுதுவிடும்.

அப்புறம், மாமாவைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். அவர் எதிலும் ஏறவில்லை. நுழைவாயிலை அடுத்த கூரை போட்ட தெருவில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நியூ வேர்ல்டு மாதிரியே இருக்கும்மா" என்றார். ஜாலான் புசார் பக்கம் 1923-இல் திறந்த கேளிக்கைப் பூங்கா அது. குத்துச்சண்டை, மலாய் பங்சாவான் நாடகம், சீன நாடகம், ராட்டினம் எல்லாம் ஒரே வளாகத்தில். துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா, சம்பள நாளில் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போவாராம். கையில் காசு இல்லாவிட்டாலும் ஆட்களைப் பார்ப்பதற்கென்றே போவார்களாம். 1987-இல் மூடிவிட்டார்கள். சிட்டி ஸ்குவேர் மால் இருப்பது அந்த இடத்தில்தான்.

பக்கத்தில் பேரக்குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு மலாய்ப் பாட்டிக்கு "நியூ வேர்ல்டு" என்ற பெயர் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான், இரண்டு பேரும் மலாயில் பேச ஆரம்பித்தார்கள். அவரும் சின்ன வயதில் அங்கே போனவராம். எந்த வாசல் வழியாக நுழைவது, கச்சான் (வேர்க்கடலை) விற்றவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று மழை விடும்வரை பேசித் தீர்த்தார்கள். மாமா அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அவருக்குத் தொலைக்காட்சிதான் துணை. அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்தினால் அண்டை அயலார் முகம்கூடத் தெரிவதில்லை. கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போ என்றுதான் இங்கே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது முழுச் சரியாகத் தோன்றவில்லை. அன்றைக்குக் கூட்டம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டி வேறு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அதனால் இப்படி யோசித்துப் பார். எல்லாவற்றிலும் ஏறியே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், இங்கே பள்ளிகள் திறந்த பிறகு ஒரு வார நாளில் வா. உன் அப்பாவும் வருவதாக இருந்தால் டிசம்பரே நல்லது. நம்மைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போய், ராட்டினத்துக்குக் கீழே நின்று கையாட்டுவாரே, அவருக்கு இந்த இடம் நிச்சயம் பிடிக்கும். மாமாவுக்கும் பேச்சுத்துணை கிடைக்கும். தேதி முடிவானதும் எழுது, டிக்கெட்டை நான் முன்கூட்டியே எடுத்துவிடுகிறேன். குடையும் மாற்றுத்துணியும் மட்டும் கொண்டு வா.

உன்
கௌரி